பாத் நகர வெந்நீர்க் குளம்: அந்தத் தூண்களும் சிலைகளும் ரோமானியர் காலத்தவை அல்ல

"இங்கிலாந்தின் பாத் நகரில் 2000 ஆண்டுகளாக அப்படியே நிற்கும் ரோமானியக் குளியல் மாளிகை. இன்றும் மக்கள் இதில் குளித்து நோய் தீர்த்துக்கொள்கிறார்கள்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் நிஜம்தான். எழுதியிருப்பதுதான் தப்பு.

பெரிய குளமும் அதன் படிகளும் ரோமானியர் கட்டியவை, சந்தேகமே இல்லை. அடியில் அவர்கள் பதித்த ஈயத் தகடுகள் இன்னும் தண்ணீரைத் தாங்குகின்றன. எனக்கு உண்மையான அதிசயம் அதுதான். ஆனால் தூண்களின் அடிப்பகுதிக்கு மேலே தெரிவது எல்லாம் பிற்காலத்தது. ரோமானியர் ஆட்சி போனபின் கூரை இடிந்து, குளம் மண்ணுக்குள் புதைந்தது. 1880-களில்தான் அதை முழுதாகத் தோண்டி எடுத்தார்கள். மேல்மாடமும் அங்கே நிற்கும் பேரரசர், ஆளுநர் சிலைகளும் 1890-களில் வந்தவை. மாடம் திறந்தது 1897-இல். அந்தப் பச்சை நிறம்கூடப் பழமையின் அடையாளம் இல்லை. கூரை இல்லாததால் வெயில் பட்டு வளரும் பாசி அது.

சரி, குளியல்? ஊற்று நீர் சுமார் 46 டிகிரி செல்சியஸ் சூட்டில் இன்றும் வருகிறது. ஆனால் 1978-இல் பாத் நகரின் ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி, நீரிலிருந்த அமீபா தொற்றி இறந்தாள். ரோமானியக் குளத்தில் இப்போது குளிக்க அனுமதி இல்லை. அதே ஊரில் 2006-இல் திறந்த வேறொரு கட்டடத்தில், சுத்திகரித்த ஊற்று நீரில் குளிக்கிறார்கள்.

ரோமன் பாத்ஸ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.