விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

கோவையில் எங்கள் குடும்பம் வெட் கிரைண்டர் தயாரிக்கிறது. சில வருடங்களாகக் கூகுளில் விளம்பரம் கொடுக்கிறோம். அதைக் கவனிக்க ஆள் வைக்கலாமா என்று தொழில் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

கட்டாயம் வையுங்கள். கிளிக்குக்குக் கிளிக் காசு போகும் வேலை இது. ஆனால் கணக்கை உங்கள் மெயிலில் நீங்களே தொடங்குங்கள்.

முதலில் நாங்கள் பிடித்த ஏஜென்சி, கணக்கைத் தங்கள் பெயரில் திறந்துகொண்டது. மாதாமாதம் வண்ண வண்ணமாக ஒரு ரிப்போர்ட் வரும்; உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நாங்கள் விலகியபோது கணக்கைத் தர மறுத்துவிட்டார்கள். எந்த வார்த்தைக்கு ஆர்டர் வந்தது, எந்த ஊரில் காசு வீணானது என்ற இரண்டு வருட விவரமும் போனது. பணம் போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கணக்கு நம்மிடம் இருந்தால், ஏஜென்சி தன் மேனேஜர் அக்கவுண்டை (பலருடைய கணக்குகளை ஒரே இடத்திலிருந்து பார்க்கும் கணக்கு) அதோடு இணைத்து வேலை செய்யலாம். வேண்டாம் என்றால் இணைப்பை எடுத்துவிடலாம், அவ்வளவுதான்.

அப்புறம், மக்கள் உண்மையில் என்ன தேடி நம் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். 'வெட் கிரைண்டர்' என்று பிராட் மேட்சில், அதாவது தொடர்புள்ள தேடல்களுக்கும் விளம்பரம் காட்டும் முறையில், போட்டுவிட்டுச் சும்மா இருந்தால், கிரைண்டர் ரிப்பேர், பெல்ட் விலை, செகண்ட் ஹேண்ட் என்று தேடுகிறவர்களும் வந்து கிளிக் செய்வார்கள். அவற்றை நெகட்டிவ் கீவேர்டில் (இந்த வார்த்தைக்கு விளம்பரம் காட்டாதே என்று சொல்லும் பட்டியல்) போட்டுத் தடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. வாராவாரம் செய்ய வேண்டியது, ஒருமுறை செய்துவிட்டு மறக்கிற வேலை இல்லை.

தினசரி பட்ஜெட் 500 ரூபாய் என்று வைத்தால் ஒருநாள் 1000 வரைகூடப் போகும். மாதக் கணக்கில் அந்தத் தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. கூகுளின் விதியே அப்படித்தான். இதை முன்கூட்டியே சொல்கிற ஆளை நான் நம்புவேன். செலவில் இத்தனை சதவீதம் என்று சம்பளம் கேட்பவரிடம் எனக்குத் தயக்கம் உண்டு. செலவு ஏறினால் அவர் வருமானமும் ஏறும், பிறகு எப்படிக் குறைக்கச் சொல்வார்?

நம் பக்கமும் கடமை இருக்கிறது. வந்த போன் ஆர்டராக முடிந்ததா, சும்மா விசாரித்ததா என்று நாம் சொல்லாவிட்டால் எந்த நிபுணருக்கும் தெரியாது.

இப்போது எங்கள் விளம்பரத்தைக் கவனிக்கும் பெண் முதல் நாளே அப்பாவிடம், "ஒரு கிரைண்டர் வித்தா உங்க கையில எவ்வளவு நிக்கும் சார்?" என்று கேட்டார். அப்பா பேப்பர் எடுத்துக் கல், மோட்டார், டிரம், கூலி, பார்சல் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். ஒரு ஆர்டர் பிடிக்க அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று எங்களுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.