மணி உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்கு

நேற்று வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. பனி மூடிய மலை, ஆரஞ்சு கலர் டென்ட், அதன் வாசலில் மீசையெல்லாம் பனிக்கட்டி தொங்க ஒரு நாய். அனுப்பியவர் கிளாஸ்கோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நம்மூர்த் தம்பி. போன மாதம்தான் ஒரு நாயைத் தத்தெடுத்திருக்கிறார். "அண்ணே, ஜனவரில நாங்களும் இப்படி ஒரு ட்ரிப் போறோம். என்னென்ன வாங்கணும்னு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்று கேட்டிருந்தார். லிஸ்ட் போட உட்கார்ந்தேன். நாலு வரி தாண்டவில்லை. அதனால் இது.

முதலில் மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணி ஒரு லர்ச்சர். கிரேஹவுண்டையும் வேறு ஏதோ ஒரு நாயையும் கலந்தால் வருகிற சாதி. காப்பகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, குச்சிக் கால். கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவனுக்கு அது சிப்பிப்பாறை அல்லாமல் வேறென்ன? அங்கேயே மணி என்று பெயர் வைத்துக் கூட்டி வந்துவிட்டேன். மலையில் நின்று "மணி! மணி!" என்று நான் கத்தும்போது எதிரே வருகிற வெள்ளைக்காரர்கள் இவனுக்கு என்ன பணக்கஷ்டமோ என்று பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு இன்றுவரை இது புரியவில்லை. "ஏய்யா, வீடு வாசல் இல்லாதவன் மாதிரி மழையில போய்ப் படுக்கணும்னு உனக்கென்ன தலையெழுத்து? அந்த வாயில்லா ஜீவனையும் வேற இழுத்துக்கிட்டுப் போற" என்பார். பல வருடம் சிரித்து மழுப்பியிருக்கிறேன். அந்தக் கடைசி வாக்கியத்தில் விஷயம் இருக்கிறது என்று லேட்டாகத்தான் தெரிந்தது.

இங்கே டென்ட் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் வருட நிலச் சீர்திருத்தச் சட்டம், யாருடைய நிலமாக இருந்தாலும் பொறுப்போடு நடக்கவும் தங்கவும் உரிமை தருகிறது. சின்னக் கூட்டமாகப் போக வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது, போன தடம் தெரியாமல் வர வேண்டும். வீட்டுத் தோட்டம், பயிர் நிலமெல்லாம் இதில் சேராது. லாக் லோமண்ட் ஏரிப் பக்கம் சில இடங்களில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை பெர்மிட் வேண்டும். குளிர்காலத்தில் அதுவும் வேண்டாம். இங்கிலாந்து அப்படியில்லை. டார்ட்மூர் என்கிற மேட்டு நிலத்தில் மட்டும்தான் அந்த உரிமை பிழைத்திருக்கிறது. அதையும் ஒரு நிலச்சொந்தக்காரர் கோர்ட்டுக்கு இழுத்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அன்றைக்கு நான் ஆபீசில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். இந்த உரிமை மேல் எனக்கு அவ்வளவு பிரியம். இதை யாரும் "கேம்பிங் போகாதீர்கள்" என்று எழுதிய பதிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குளிர்காலத்தில் போவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. கோடையில் ஸ்காட்லாந்துக் கொசுவிடம் கடி வாங்கியவர்களுக்குத் தெரியும். மிட்ஜ் என்று கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒன்று, காது, மூக்கு, நாய் வயிறு என்று ஒரு இடம் பாக்கி வைக்காது. ஜனவரியில் அது ஒன்றுகூடக் கிடையாது. ஆளும் கிடையாது. மேகம் விலகினால் வானம் முழுக்க நட்சத்திரம். மேகம் விலகினால்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி. தெற்கே காலோவேயில் மெரிக் என்று ஒரு மலை, 843 மீட்டர். அதன் பின்னால் லாக் ஈனாக் என்று ஒரு ஏரி. கருங்கல் தேய்ந்து தேய்ந்து அதன் கரையில் வெள்ளி மாதிரி மணல் கிடக்கும். அந்தக் காலத்தில் அரிவாள் தீட்ட அந்த மணலை அள்ளிக்கொண்டு போவார்களாம். அந்த மணலில் டென்ட் போட்டு, வாசலில் மணியை உட்கார வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்தப் பயணத்தின் நோக்கம் மொத்தமும் அதுதான்.

மலைக்கென்றே தனியாக வானிலை சொல்கிற எம்டபிள்யூஐஎஸ் அறிக்கையை முந்தின ராத்திரி பார்த்தேன். மாலைக்குள் காற்று 40 மைல், விடியலில் இன்னும் கூடும், பனி கலந்த மழை. விடியலில்தானே, அதற்குள் எழுந்து இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 20 மைல் காற்று 40 ஆனால் அது தள்ளுகிற விசை இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. பிளஸ் டூவில் படித்ததுதான். டென்ட் கம்பி வளையும்போதுதான் ஞாபகம் வந்தது.

மலையடிவாரத்தில் புரூஸ் கல் என்கிற கார் பார்க்கில் வண்டியை விட்டபோது காலை பதினொரு மணி, வெளியே நாலு டிகிரி. ஓடையோரமாக ஏறி, கல்ஷார்க் என்கிற பாழடைந்த வீட்டைத் தாண்டி, ஸ்ப்ரூஸ் காட்டுக்கு மேலே வந்தோம். அதுவரை மணி வாலைச் சுழற்றிக்கொண்டு முன்னால் போனான், வார் இறுக. இங்கே வாரை அவிழ்க்க நான் துணிவதில்லை. மலையெல்லாம் சினை ஆடுகள். இவனோ முயலைக் கண்டாலே பிறவிப் பகையாகத் துரத்துகிறவன். நாய் ஆட்டைத் துரத்தினால் ஸ்காட்லாந்தில் 2021 முதல் 40,000 பவுண்டு வரை அபராதம், ஒரு வருடம் வரை ஜெயில். பணம் கிடக்கட்டும், ஊரில் பெரியப்பா கிடை போட்டவர், ஓட்டத்திலேயே குட்டி போட்டுவிட்ட ஆட்டைப் பார்த்து அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பென்யெல்லரி உச்சி 719 மீட்டர். அங்கிருந்து மெரிக்குக்கு ஒரு முதுகு மாதிரிப் போகும். கூடவே காரையில்லாமல் கல்லடுக்கிய சுவர் ஒன்று ஓடும். உச்சியைத் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அறைந்தது. பத்து நிமிடம் நடந்திருப்போம். மணி நின்றான். சுவரின் மறைவுப் பக்கம் போய், முதுகைக் கல்லோடு ஒட்டி, காதைப் பின்னால் மடக்கி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி உட்கார்ந்தான். விரல் இடுக்கில் கொட்டைப்பாக்கு அளவுக்குப் பனி உருண்டு இறுகியிருந்தது. நான் கையுறையைக் கழற்றி, விரலால் கரைத்து எடுத்தேன். "வாடா" என்றேன். எழவில்லை. பையிலிருந்து ஒரு துண்டு சிக்கனை எடுத்து நீட்டினேன்.

எழுந்து வந்தான்.

அந்தச் சிக்கன் துண்டைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவன் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் தெளிவாகச் சொன்னான். நான் லஞ்சம் கொடுத்து எழுப்பினேன். இன்னும் நூறு அடி போனதும் எனக்கே நிற்க முடியாமல் போய், திரும்பினோம். அப்போதாவது நேரே காருக்குப் போயிருக்க வேண்டும். காட்டு விளிம்புக்கு இறங்கும்போது மூன்றரை மணி. கார் ஒன்றேகால் மணி நேர தூரம், தெரிந்த பாதை, நெற்றியில் டார்ச். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு, பையைக்கூடப் பிரிக்காமல் திரும்புவதா? சுவரோரமாக டென்டைப் போட்டேன். மரத்தடியில் போடாத அளவுக்காவது புத்தி இருந்தது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்துப்போட்டதைப் பார்த்திருக்கிறேன். ஈர மண்ணில் ஸ்ப்ரூஸுக்கு வேர் ஆழம் போகாது. வேர்த்தட்டோடு பெயர்ந்து விழும்.

ஜனவரியில் நாலு மணி சுமாருக்குப் பொழுது அடையும். மறுநாள் விடிய எட்டரைக்கு மேல் ஆகும். பதினாறு மணி நேரம், நனைந்த நாயோடு, ஒரு ஆள் படுக்கிற துணிப் பொந்துக்குள். போட்டோவில் வராதது இதுதான். மணிக்கு மழைக்கோட்டு, உள்ளே கம்பளிக் கோட்டு, தனி ஃபோம் பாய், எல்லாம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை ஒன்றுக்கு வெளியே போய் வரும்போதும் அவனோடு ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே வந்தது. துடைத்த துண்டைப் பிழிந்து பிழிந்து, பத்து மணிக்குமேல் பிழிந்தும் பிரயோஜனமில்லை. ஸ்காட்லாந்துக் குளிரில் நாயைக் கொல்வது மைனஸ் பத்து இல்லை. உதறினால் உதிர்கிற பனியை நாய் தாங்கும். ஒரு டிகிரியில் விடாமல் பெய்கிற மழையும் காற்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. அது ரோமத்துக்குள் இறங்கி, தோலில் உட்கார்ந்துகொள்ளும். மணிக்கு ரோமம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். காற்று திசை மாறி ஒரு கம்பி வளைந்துவிட்டது. நான் உள்ளேயிருந்து முதுகால் முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். அதுவரை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்த மணி அமைதியானான். அப்பாடா, சூடு பிடித்துத் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். ஏதோ தோன்றி டார்ச் அடித்து உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது. காது ஐஸ். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திருப்பக்கூட நேரம் எடுத்தது.

நடுக்கம் நிற்பது நல்லதல்ல, தம்பி. லிஸ்டில் எழுத முடிந்த நாலு வரியில் முதல் வரி இது. உடம்பு சூடு உண்டாக்கும் வேலையையே கைவிடுகிறது என்று அர்த்தம். நாயின் சாதாரணச் சூடு 38, 39 டிகிரி, நம்மைவிட அதிகம். அங்கிருந்து இறங்க ஆரம்பித்தால் நாய் சத்தம் போடாது, முனகாது. சும்மா சோர்ந்துகொண்டே போகும்.

ஈரக் கோட்டைக் கழற்றி எறிந்து, என் சட்டையையும் கழற்றி, அவனை ஸ்லீப்பிங் பேகுக்குள் இழுத்து வெறும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். தேய்க்கக் கூடாது என்று எங்கோ படித்தது ஞாபகம் இருந்ததால் தேய்க்கவில்லை. கேஸ் டப்பா மட்டும் என் காலடியில் ஸ்லீப்பிங் பேகுக்குள்ளேயே கிடந்தது நல்லதாய்ப் போயிற்று. பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே ஆவியாக மறுத்துவிடும். வெளியே விட்டிருந்தால் அடுப்பு எரிந்திருக்காது. டென்டை மூடிவைத்து உள்ளே அடுப்பு எரிப்பது, குளிரில் சாவதைவிடச் சீக்கிரம் சாகிற வழி. அதனால் வாசல் ஜிப்பைத் திறந்துவிட்டு, முகத்தில் மழை அடிக்க, ஒரு கையால் தண்ணீர் சுட வைத்தேன். பாட்டிலில் ஊற்றி, இரண்டு சாக்ஸ் சுற்றி, அவன் விலாவோரம் வைத்தேன். போனில் சிக்னல் இல்லை. இருந்திருந்தால் 999 அடித்து போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம்தான். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மறுநாள் காலை அவரவர் வேலைக்குப் போக வேண்டியவர்கள். எனக்கு ஒரு போட்டோ வேண்டும் என்பதற்காக அவர்களை எந்த முகத்தோடு எழுப்புவது? அழைத்திருப்பேன், சந்தேகமில்லை. ஆனாலும்.

நாற்பது நிமிடம் கழித்து மணி மறுபடி நடுங்க ஆரம்பித்தான். ஒரு நாய் நடுங்குவதைப் பார்த்து ஆள் அழுவான் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வெளிச்சம் வந்ததும் டென்டைச் சுருட்டாமல் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினோம். டாக்டர் பார்த்துவிட்டு நாய் நன்றாக இருக்கிறது என்றார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை; அதுவே போதுமாக இருந்தது.

இதைச் சொன்னால் ஒரு பதில் வரும்: "நாய்னா ஓநாய்ப் பரம்பரை, அதுக்கு இதெல்லாம் பழக்கம். அந்த மலையிலேயே விவசாயியோட நாய் வருஷம் பூரா வேலை பாக்குதே." பார்க்கிறது. ஆடு மேய்க்கிற அந்தக் கோலி நாய்க்கு இரட்டை ரோமம், நாள் முழுக்க ஓட்டம், பொழுது சாய்ந்ததும் காய்ந்த வைக்கோல் போட்ட கொட்டகை. விவசாயி தன் நாயை மழையில் ராத்திரி முழுக்கச் சும்மா உட்கார வைப்பதை நான் பார்த்ததில்லை. நமக்குத்தான் அந்த ஆசை.

இன்னொரு பதில், "அவன் ரொம்ப என்ஜாய் பண்றான்." நானும் இதைச் சொல்லித் திரிந்தவன். பையைக் கையில் எடுத்தாலே மணி குதிப்பான், உண்மை. ஆனால் அவன் குதிப்பது நான் போகிற இடத்துக்கு வருவதற்கு. அங்கே 65 மைல் காற்று அடிக்கும் என்று அவன் படித்துவிட்டுக் குதிக்கவில்லை. நாம் வானிலை அறிக்கை பார்த்து, டென்ட் விமர்சனம் பார்த்து முடிவெடுக்கிறோம். அவன் நம் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறான். அதற்காகக் கூட்டிப் போகாதே என்று நான் சொல்லவில்லை; நான் இன்னும் போகிறேன். மணி உட்கார்ந்துவிட்டால் பயணம் முடிந்தது, சிக்கன் காட்டி எழுப்புவதில்லை. இது ஒன்றுதான் மாறியிருக்கிறது. சுவர், பாறை, என் கால் என்று எதன் மறைவிலாவது ஒதுங்கி உட்கார்ந்தால் காருக்குத் திரும்பிவிடுவோம். போன குளிர்காலத்தில் ஐந்து முறை கிளம்பி, இரண்டு முறைதான் ராத்திரி தங்கினோம். இரண்டு முறையும் காற்றில்லாத, காய்ந்த, உறைபனி ராத்திரி.

கடைகளில் நாய்க்கென்று ஸ்லீப்பிங் பேக், பூட்ஸ், டௌன் ஜாக்கெட் எல்லாம் விற்கிறார்கள். வாங்குங்கள். நானும் வாங்கியிருக்கிறேன், மணி பூட்ஸைப் போட்டால் சுடுதோசைக்கல்லில் நடப்பதுபோல் நடப்பான், அதனால் பாதத்துக்கு மெழுகு தடவுவதோடு சரி. ஆனால் சாமான் வாங்க வாங்க, இதையெல்லாம் வாங்கிவிட்டோமே, போகாமல் இருப்பதா என்று நமக்குத்தான் துணிச்சல் ஏறுகிறது. லிஸ்ட் கேட்ட தம்பிக்கு நான் லிஸ்ட் கொடுக்காத காரணம் அது.

போன டிசம்பரில் மறுபடி அதே புரூஸ் கல் கார் பார்க். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்தேன். மணி தலையை மட்டும் வெளியே நீட்டி, மூக்கை இரண்டு தடவை தூக்கிப் பார்த்தான். உள்ளே திரும்பி, என் ஸ்லீப்பிங் பேக் மேல் மூன்று சுற்று சுற்றிச் சுருண்டுவிட்டான். நானும் முன் சீட்டில் ஏறி, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரித்தேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து மலையே தெரியவில்லை. சிக்கன் டப்பா திறக்கிற சத்தத்துக்கு மட்டும் ஒரு காது எழுந்தது.