பெயர் ஒன்று, வேலை வேறு

கணிதத்தின் ‘பங்ஷனல் அனாலிசிஸ்’ முறையையே உளவியலும் சமூகவியலும் எடுத்தாள்கின்றன என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மன்னிக்க வேண்டும், அது சரியல்ல.

ஹட்டனில் உயர்தரக் கணிதம் படிப்பிக்கிறேன். மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்வேன்: நுவரெலியாவின் ஒரு நாள் வெப்பநிலையை வளையியாக வரையுங்கள். அந்த முழு வளையியையும் ஒரேயொரு புள்ளியாக நினையுங்கள். நேற்றைய நாள் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையில் தூரம் எவ்வளவு? இப்படிச் சார்புகளையே புள்ளிகளாகக் கொண்ட வெளிகளை ஆராய்வதுதான் இத்துறை. ஒரு வளையியை வாங்கிக்கொண்டு, சராசரி போன்ற ஒற்றை எண்ணைத் திருப்பித் தருவது ‘பங்ஷனல்’.

உளவியலில் கதையே வேறு. ஒரு பிள்ளை தலையை மேசையில் மோதிக்கொள்கிறது. பிறர் கவனத்துக்காகவா, பாடத்திலிருந்து தப்பவா? சூழ்நிலையை மாற்றி மாற்றிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இவாட்டாவும் சகாக்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்பெற்றது. அதில், கணிதத்தில் இத்துறை ஆராயும் வெளிகளில் ஒரு வகையான பனாக் வெளியைத் தேடினால் கிடைக்காது.

சமூகவியலிலும் மானிடவியலிலும் ஒரு வழக்கம் சமூகத்தில் என்ன பணி செய்கிறது என்பதே கேள்வி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பார்வையை முன்வைத்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியும் கணிதமேதை பனாக்கும் பிறந்தது ஒரே ஊரில், போலந்தின் கிராக்கோவில்!

இந்தக் கணிதம் உண்மையிலேயே புகுந்து வேலை செய்த இடம், அணு போன்ற நுண்ணியவற்றை ஆராயும் குவாண்டம் இயக்கவியல். இத்துறை பற்றிய பனாக்கின் நூல் வந்த அதே 1932இல் கணிதவியலாளர் வான் நொய்மன், இத்தகைய வெளிகளில் ஒரு வகையான ஹில்பர்ட் வெளியைக் கொண்டு அதற்கு அடித்தளம் போட்டார். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லையே, ஐயா?