கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?

வைகையில் வெள்ளம் வந்தால் மதுரைக்காரர்கள் பலரையும் போல நானும் ஏ.வி. பாலத்துக்குப் போய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்ப்பேன். செம்மண் நிறத்தில் நுரைத்து ஓடும் நீரைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவராவது தவறாமல் சொல்வார்: "இம்புட்டுத் தண்ணியும் வீணாக் கடலுக்குப் போகுதே!" கோடையில் குடத்தோடு தெருக்குழாயில் காத்துக் கிடந்தவரின் ஆதங்கம் அது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களுக்குப் பலமுறை போய்வந்த பிறகு, 'வீணாக' என்ற அந்த ஒரு சொல் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

வருசநாட்டு மலைகளில் தொடங்கும் வைகை, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து, 258 கிலோமீட்டர் ஓடி, ஆற்றங்கரை என்னும் மீனவர் ஊருக்கு அருகே கடலை அடைகிறது. அந்த முகத்துவாரத்தின் பக்கத்தில்தான் அழகன்குளம் இருக்கிறது. அங்கே நடந்த அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்களும் அயல்நாட்டு மட்கல ஓடுகளும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஆறு மதுரையைக் கடலோடு இணைத்திருந்தது. இன்று நமக்கும் கடலுக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் வாழ்கிறோம்.

கடற்கரை என்பது நின்ற இடத்தில் நிற்கும் நிலம் அன்று. நம் பக்கத்து வழக்கில் சொன்னால் அது ஒரு கண்மாய் போன்றது. கண்மாய்க்கு வரத்துக்கால் இருப்பதுபோலக் கடற்கரைக்கும் மணல் வரத்து உண்டு. மறுகால் பாய்வதுபோல மணல் வெளியேறுவதும் உண்டு. மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் உடைந்து, ஆற்றில் உருண்டு தேய்ந்து, மணலாக முகத்துவாரத்துக்கு வருகிறது. சிப்பியும் பவளப்பாறையும் நொறுங்கிய துகள்கள் அதோடு சேர்கின்றன. கரையை நோக்கிச் சாய்வாக வரும் அலை மணலைச் சாய்வாகவே மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ சரிவில் நேராகக் கீழே இழுக்கிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் சிறிது சிறிதாக மணல் கரையோரமாகவே பயணம் செய்கிறது. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஒரு திசையில் போகும் மணல், வாடைக் காற்று வீசும்போது எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. பெருங்காற்றில் கரையிலிருந்து இழுக்கப்படும் மணலில் ஒரு பகுதி கடலுக்குள் திட்டாகத் தங்கி, அமைதியான மாதங்களில் மெல்ல மீண்டு வருகிறது. வரத்தும் போக்கும் சமமாக இருக்கும்வரை கரை நிற்கும். வரத்து நின்றால் கரை பின்வாங்கும்.

வரத்து பெருகினால் என்ன ஆகும் என்பதற்குக் கொற்கையைப் பார்க்கலாம். முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம் அது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து, இன்று அந்த ஊர் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஓர் ஆறு ஒரு துறைமுகத்தையே உள்நாட்டு ஊராக்கியிருக்கிறது என்றால், ஆற்றின் கையில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் வைகையின் கையைக் கட்டிவிட்டோம். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை நமக்குச் சோறும் குடிநீரும் தருகிறது. அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அணை நீரை மட்டும் தேக்குவதில்லை, மணலையும் வண்டலையும் தேக்குகிறது. அணைக்குக் கீழே எஞ்சியிருந்த மணலை, மாட்டுவண்டியில் தொடங்கி லாரி லாரியாக நாமே அள்ளினோம். நான் குடியிருக்கும் வீட்டின் சுவர்ப்பூச்சும் ஆற்று மணலால் ஆனதுதான். ஆற்றங்கரைக் கடலோரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல், ஊர் ஊராகக் கட்டடங்களாக நிற்கிறது. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்த பிறகும் ஆற்று மணல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

மணல் பயணத்தை இடையில் மறித்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை நூறாண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. துறைமுகச் சுவர் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வந்த மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் புகுந்தது. இன்றும் கரை அரிக்கும் ஊர்களில் மக்கள் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்சுவர், கேட்டுப் போராடுகிறார்கள். வீடு இடியும்போது வேறு எதைத்தான் கேட்பார்கள்? ஆனால் ஓர் ஊரின் தூண்டில் வளைவு பிடித்து வைக்கும் மணல், அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல். கற்களைக் கொட்டிக்கொண்டே போனால் அரிப்பு ஊர் ஊராக நகருமே தவிர நிற்காது. 1990 முதல் 2018 வரையிலான கரைமாற்றத்தை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டது.

மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் மறைந்துவிட்டன. பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும், கடல்மட்டம் உயர்ந்துவருவதும் அதற்குக் காரணங்கள். அலை பவளப்பாறையில் மோதி உடைந்து வலுவிழந்த பிறகே கரையைத் தொட வேண்டும். பாறை போய்விட்டால் முழு வேகமும் மணலின் மீது விழுகிறது. தேய்ந்துவந்த வான் தீவைக் காப்பாற்ற, அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. இயற்கை இலவசமாகக் கட்டித் தந்த சுவரை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எஞ்சியிருக்கும் பவளப்பாறைக்கும் கடற்புல்லுக்கும் நாம் அனுப்புவது என்ன? பந்தல்குடி வாய்க்கால் வைகையில் சேரும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், பதில் கிடைத்துவிடும். கறுத்த கழிவுநீரோடு பாலித்தீன் பைகள், தெர்மாகோல், செருப்புகள், மருந்து அட்டைகள். கோடை முழுவதும் ஆற்றுக்குள் கிடக்கும் இந்தக் குப்பையை முதல் வெள்ளம் ஒரே நாளில் வாரிக்கொண்டு போகிறது. பெரும்பகுதி வழியிலுள்ள கண்மாய்களில் தங்கும். வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில் மீதி கடலைத் தொடும். அங்கே அது வெயிலில் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகி மீனின் வயிற்றுக்குள் போகிறது. கழிவுநீரிலுள்ள சத்துகள் பாசியைப் பெருக்க, பாசி மூடிய பவளம் மூச்சுமுட்டுகிறது. கலங்கிய நீரில் வெளிச்சம் இல்லாமல் கடற்புல் கருகுகிறது. அந்தப் புல்தான் ஆவுளியா என்னும் கடற்பசுவின் உணவு. அடிமணலை வேரால் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். ஆகவே மாசு வேறு, அரிப்பு வேறு என்று பிரித்துப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை.

கடலில் நேரும் கேடுகளும் உண்டு. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது, அதிலிருந்து சிதறிய அரிசிமணி போன்ற பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கடற்கரை வரை ஒதுங்கின. மணலோடு கலந்த குருணையைச் சல்லடையால் சலித்து எடுக்க வேண்டியிருந்தது. அப்போது நாம் எல்லோரும் கோபப்பட்டோம். அந்தக் கோபத்தில் கொஞ்சத்தையாவது நம் வாய்க்கால்கள் மீதும் வைக்க வேண்டும்.

இராமநாதபுரம் விவசாயிக்கு வைகைத் தண்ணீர் வேண்டும். பெரிய கண்மாய் நிறைந்தால்தான் அங்கே நெல் விளையும். அதைத் தடுத்துக் கடலுக்குத் திருப்பு என்று நான் கேட்கவில்லை. வெள்ளக் காலத்தில் ஆறு தன் மணலோடு கடலைத் தொடும் சில நாள்களை வீண் என்று கணக்கெழுதாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். அத்தோடு ஒரு கோரிக்கை: ஐப்பசி மழை தொடங்கும் முன்பே, நகருக்குள் வைகையில் சேரும் ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் குப்பையைத் தடுக்கும் இரும்பு வலை பொருத்தப்பட வேண்டும், அதில் சேர்வதை அன்றாடம் அள்ள ஆள் அமர்த்தப்பட வேண்டும். செல்லூரிலும் ஆரப்பாளையத்திலும் இருக்கும் நண்பர்கள், உங்கள் பகுதியில் எந்தெந்த இடத்தில் வாய்க்கால் ஆற்றில் விழுகிறது என்பதைப் படத்தோடு இங்கே பதியுங்கள். அவற்றைத் தொகுத்து மனுவாக எழுதித் தரும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.