'விசாரிக்கிறது' என்ற சொல்

வேதாகமத்தில் உள்ள யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம் 27ஆம் வசனம் சிறுவயதிலிருந்தே எனக்கு மனப்பாடம். ஆனாலும் அதிலுள்ள 'விசாரிக்கிறது' என்ற சொல்லில் நான் நின்று யோசித்தது நாற்பது வயதைக் கடந்த பிறகுதான். திக்கற்ற பிள்ளைகளை அவர்கள் படுகிற உபத்திரவத்திலே விசாரிப்பதை மாசில்லாத பக்தியின் அடையாளமாக அந்த வசனம் சொல்கிறது. காப்பாற்று என்றோ அள்ளிக் கொடு என்றோ அங்கே சொல்லப்படவில்லை. போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்கச் சொல்லியிருக்கிறது. எனக்குத் தரிசனமோ குரலோ எதுவும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனையில் வாசிக்கக் கேட்ட அந்தச் சொல் மாதக்கணக்கில் மனதைவிட்டு அகலாமல் உறுத்திக்கொண்டிருந்தது; அதையே என் அழைப்பாக நம்பி, வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன்.

பலரும் இதைத் தத்தெடுப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெற்றோரிடம் பாதுகாப்பாக வளர முடியாத பிள்ளையைத் தற்காலிகமாக இன்னொரு குடும்பத்திடம் ஒப்படைப்பதே வளர்ப்புப் பராமரிப்பு. நிலைமை சரியானால் பிள்ளை தன் வீட்டுக்கே திரும்ப வேண்டும். 2009இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், வறுமையை மட்டுமே காரணம் காட்டி ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. ஆகவே இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் அடுத்த மாதம் எந்த வீட்டில், எந்தப் பள்ளியில் இருப்போம் என்று அவர்களுக்குத் தெரியாது. திக்கற்ற என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தோன்றவில்லை.

நான் சந்தித்த பத்து வயதுச் சிறுவனிடம் அதுவரை எத்தனையோ பேர் கேள்வி கேட்டிருந்தார்கள். காவலர், மருத்துவர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர் என்று ஆளுக்கொரு கோப்புடன் வந்து போயிருந்தார்கள். அவை எல்லாம் தேவையான விசாரணைகள்தாம். நலம் விசாரித்தவர்தான் குறைவு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் சுகப் என்ற நீதிபதி, போதிய விவரம் இல்லாமல் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்க நேர்கிறதே என்று வருந்தியதன் பயனாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் நீதிமன்றத்தில் அதன் நிலையை எடுத்துச் சொல்லும் தன்னார்வலர்களை நியமிக்கும் முறை 1977இல் தொடங்கியது. சம்பளம் பெறாத ஒருவர், அந்த ஒரு பிள்ளைக்காக மட்டுமே வந்து நிற்பதில் எவ்வளவு பலன் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார்.

தொடக்கத்தில் நான் பெரிய தவறொன்றைச் செய்தேன். "அடுத்த புதன்கிழமை கட்டாயம் வருவேன்" என்று சொல்லிவிட்டுக் காய்ச்சலால் போகவில்லை, தகவலும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு மணி நேரம் முழுவதும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, நான் அந்த வரிசையில் இன்னொருத்தியாகிவிட்டேன். அவன் மறுபடி பேச இரண்டு மாதங்கள் ஆயின. ஓராண்டாவது தொடர்ந்து வர முடியாதவர்கள் தயவுசெய்து இந்தப் பணியைத் தொடங்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். பரிசுப் பொருளோடு ஒருநாள் வந்து படம் எடுத்துப் போவதும் இத்தகைய பிள்ளைகளைக் காயப்படுத்தும்.

நம் சபைகளிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லங்கள் கட்டப் பணம் கொடுக்க நாம் தயங்குவதில்லை. ஆனால் ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, இரண்டு வயதுக்கு முன்பே வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பாசப் பிணைப்பும் மற்றவர்களைவிட மேம்பட்டதைக் காட்டியது. கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியையாவது வளர்ப்புப் பெற்றோருக்குத் துணை நிற்க நாம் கொடுக்கலாம். சில மணி நேரம் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்படி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

என் விசுவாசம் என்னை அங்கே கொண்டுபோனது என்றாலும், அதை அந்தச் சிறுவன்மேல் நான் சுமத்தவில்லை. பிள்ளையின் சமயம், மொழி, பண்பாட்டுப் பின்னணிக்கு உரிய மதிப்பு தர வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை சொல்கிறது. அந்த உடன்படிக்கை இல்லாவிட்டாலும், எல்லாவற்றையும் இழந்து நிற்கும் பிள்ளையிடம் அவன் குடும்பத்தின் நம்பிக்கையையும் பறிப்பது எனக்குப் பாவமாகவே படுகிறது.

அவன் தாயின்மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. மேற்பார்வையோடு நடக்கும் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, மகனுடைய சிறுவயதுச் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்ததைப் பார்த்த நாளில் அது உடைந்தது. பதினாறு மாதங்களுக்குப் பிறகு அவன் அவரிடமே திரும்பிப் போனான். விதிப்படி என் பணி அன்றோடு முடிந்தது. இப்போதும் புதன்கிழமை மாலைகளில் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். அவன் தாயின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.