மே 31-ஐ ஏன் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறோம்?

மாதா திருநாள் என்றதும் நமக்கு ஆகஸ்ட் 15, செப்டம்பர் 8, டிசம்பர் 8 நினைவுக்கு வரும். இன்னும் கொஞ்சம் யோசித்தால் பிப்ரவரி 11 லூர்து அன்னை, அக்டோபர் 7 செபமாலை அன்னை. இந்த நாட்களில் கோவிலில் நிற்க இடம் கிடைக்காது. மே 31 என்ன திருநாள் என்று கேட்டுப் பாருங்கள். "மாதா வணக்க மாதம் முடிகிற நாள்" என்பார்கள் பலரும். சரிதான். ஆனால் அன்றுதான் இயேசுவைக் கருவுற்ற மரியாள், திருமுழுக்கு யோவானைக் கருவுற்றிருந்த தம் உறவினர் எலிசபெத்தைச் சந்தித்த விழா. மாதாவின் திருநாள்களிலேயே நம் வீட்டுக்குள் வந்து உட்காருகிற திருநாள் அது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோமே என்பது என் பல வருட ஆதங்கம்.

எனக்கு அது நெருக்கமானதற்குக் காரணம் என் சித்தி. என் முதல் பிரசவத்துக்கு முன்னால் மூன்று மாதம் வந்து கூடவே இருந்தார். அவர் வரும்போது நான் ஒரு வாய் சாப்பிட்டால் இரண்டு முறை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். நான் குனிந்து நிற்கும்போதெல்லாம் பின்னால் வந்து உள்ளங்கையால் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் கையின் சூடு இன்றும் நெற்றியில் இருக்கிறது. ஒரு நாள் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை வாசிக்கையில் "மரியா ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்தார்" என்ற வரியில் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை தடவை கேட்ட வரி! அன்றுதான் அந்த மூன்று மாதத்துக்குள் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று புரிந்தது.

அந்த வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். எலிசபெத்துக்கு வயதாகிவிட்டது. கருவுற்ற பிறகு ஐந்து மாதம் வெளியே தலைகாட்டவில்லை. கணவர் சக்கரியாவுக்கோ பேச்சு நின்றுபோயிருக்கிறது. தன் சந்தோஷத்தையும் பயத்தையும் வாய்விட்டுச் சொல்ல அந்த அம்மாவுக்கு ஆள் இல்லை. அப்போதுதான் தம் வயிற்றில் இயேசு பிறக்கப்போகிறார் என்று வானதூதரிடம் சேதி கேட்ட கையோடு மரியாள் மலைநாட்டுக்கு விரைகிறார். அவருக்கும் தன் நிலைமையைச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்? யார் யாருக்கு உதவினார்கள் என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இந்தத் திருநாள் முன்பு ஜூலை 2-இல் இருந்தது. 1969-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது மே 31-க்கு மாற்றினார்கள். மார்ச் 25 வானதூதரின் அறிவிப்பு. அப்போது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்று நற்செய்தியே சொல்கிறது. அதிலிருந்து மூன்று மாதத்தில், ஜூன் 24-இல், திருமுழுக்கு யோவானின் பிறப்பு. சந்திப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தானே வரவேண்டும்! மார்ச் 25-க்கும் டிசம்பர் 25-க்கும் நடுவிலும் சரியாக ஒன்பது மாதம். மாதா தம் தாயின் வயிற்றில் பாவமாசின்றி உருவான அமலோற்பவப் பெருவிழா டிசம்பர் 8. (அது இயேசு கருவானதைக் குறிக்கிறது என்று நம்மவர்களே நிறையப் பேர் நினைக்கிறார்கள். தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.) அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். ஒரு தாய் நாள் எண்ணுவது போலவே திருச்சபையும் எண்ணியிருக்கிறது.

அப்புறம், நாம் தினமும் சொல்கிற அந்தச் செபம். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்பது வானதூதர் சொன்னது. "பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே" என்பது எலிசபெத்து தன் வீட்டு வாசலில் உரக்கச் சொன்னது. ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை முழுக்க அந்த வயதான கர்ப்பிணியின் குரலைத்தான் நாம் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறோம். செபமாலை சொல்லிக்கொண்டே அவரை மறந்துவிட்டோம்.

"மாதாவைக் கும்பிடுகிறீர்களே" என்று கேட்கிற நண்பர்களிடம் நான் அதிகம் வாதாடுவதில்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கு வணக்கம். 431-இல் ஆயர்கள் கூடிய எபேசு சங்கம் அவரை 'கடவுளின் தாய்' என்று அறிவித்ததுகூட, பிறந்த மகன் யார் என்பதைத் தெளிவாக்கத்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலும் மாதாவைப் பற்றித் தனி ஏடு வேண்டுமா, திருச்சபையைப் பற்றிய ஏட்டிலேயே சேர்க்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. 1963 அக்டோபரில் வாக்கெடுத்தபோது 1,114-க்கு 1,074 என்று சேர்ப்பதற்கே முடிவானது. நாற்பது வாக்கு வித்தியாசம்! அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். மாதா நம்மோடு உட்காருகிறவர்.

எனக்கு வருத்தம் தருவது நம்முடைய பழக்கம்தான். திருநாள் வந்தால் ஒரு விண்ணப்பச் சீட்டோடு நிற்கிறோம். வேலை, கல்யாணம், விசா, நோய். கேட்பது தப்பே இல்லை, நானும் கண்ணீரோடு கேட்டிருக்கிறேன். கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சை இரசம் தீர்ந்தபோது அவர்தானே முதலில் குறையைக் கவனித்தார். ஆனால் அவர் எலிசபெத்தின் வீட்டில் பாடிய பாட்டைக் கேளுங்கள். வலியோர் அரியணையிலிருந்து தூக்கி எறியப்படுகிறார்கள், பசித்தோர் நிறைகிறார்கள், செல்வர் வெறுங்கையோடு போகிறார்கள். திருச்சபை தினமும் மாலைச் செபத்தில் சொல்கிற பாட்டு இது. கூட்டம் அலைமோதும் ஆகஸ்ட் 15 விண்ணேற்புப் பெருவிழாவின் பகல் திருப்பலியிலும் இந்தச் சந்திப்புதான் நற்செய்தி வாசகம். நாம்தான் மாதாவின் கிரீடத்தைப் பார்த்துக்கொண்டே, அவர் மலையேறி நடந்த கால்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

சென்ற மே 31 அன்று திருப்பலி முடிந்து சித்தியைப் பார்க்கப் போனேன். இப்போது படுக்கையில் இருக்கிறார், ஆட்களை அடையாளம் தெரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையைத் தொடங்கினேன். இந்தச் சந்திப்பைத் தியானிக்கிற இரண்டாம் சந்தோஷ தேவ இரகசியம் வந்ததும் அவர் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். நான் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று பாதியில் நிறுத்த, மீதியை அவர் சொன்னார். ஒரு சொல் தவறவில்லை.