விடை சரியாக வருவதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு

அறிவியல் கணிமைக்கான திறமூல நிரல் நூலகங்களை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்புகளை, பராமரிப்பதும் அறிவியல் பணிதான் என்பதையும், அதைச் செய்கிறவர்களுக்கு ஊதியமும் பதவி உயர்வில் உரிய மதிப்பும் கிடைக்க வேண்டும் என்பதையும் நான் நீண்ட காலமாக நண்பர்களிடம் சொல்லி வருகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருந்துகொண்டு, மழையளவு, ஆற்று நீர்மட்டம் போன்ற தரவுகளைக் கணக்கிட உதவும் பைத்தான் நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறிய நூலகத்தை வெளிநாட்டில் இருக்கும் இருவரோடு சேர்ந்து கவனித்து வருகிறேன். "அதைத்தான் எழுதி முடித்துவிட்டாயே, இன்னும் அதில் என்னப்பா வேலை?" என்று என் சித்தப்பா கேட்கிறார். அவர் ஆலையில் எடைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதே கேள்வியை ஆராய்ச்சி நிதிக்குப் பொறுப்பாக இருப்பவர்களும் கேட்கும்போது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அண்மையில் வந்த ஒரு பிழைப் புகாரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு முனைவர் பட்ட மாணவர், ஓர் ஆண்டின் மொத்த மழையளவை எங்கள் நூலகத்தில் இரண்டு வழிகளில் கணக்கிட்டிருக்கிறார். எல்லா அளவுகளையும் ஒரேயடியாகக் கூட்டும்போது ஒரு விடையும், நாளுக்கு நாள் சேர்த்துக்கொண்டே போகும் தொடர்கூட்டலின் கடைசி எண்ணாக அதற்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு விடையும் வந்திருக்கின்றன. "உங்கள் நூலகம் தவறு, நாளை என் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். அவருடைய பதற்றம் எனக்குப் புரிந்தது. ஆனால் உண்மையில் இரண்டு விடைகளுமே விதிப்படி வந்தவைதான். கணினி தசம எண்களை இரும எண்களாகத்தான் வைத்துக்கொள்கிறது, 0.1 என்ற எண்ணை அதனால் முழுத் துல்லியத்தோடு வைத்துக்கொள்ள முடியாது. எனவே ஒவ்வொரு கூட்டலிலும் ஒரு துளி பிசகு சேர்கிறது. எங்கள் நூலகத்துக்கு அடித்தளமாக இருக்கும் நம்பை (NumPy) என்ற எண்கணக்கு நூலகம், மொத்தக் கூட்டலின்போது எண்களைப் பாதி பாதியாகப் பிரித்துக் கூட்டி அந்தப் பிசகைக் குறைக்கிறது. தொடர்கூட்டலில் ஒவ்வொரு இடைநிலை விடையும் வேண்டும் என்பதால் அப்படிச் செய்ய இயலாது. மேலும், அந்த மாணவர் தரவுகளை 32 பிட் ஒற்றைத் துல்லியத்தில், அதாவது குறைந்த இலக்கங்களையே சரியாக வைத்துக்கொள்ளும் வடிவத்தில், வைத்திருந்தார். அந்த வடிவத்தில் 16,777,216 என்ற எண்ணோடு 1ஐக் கூட்டினால் விடை மீண்டும் 16,777,216தான். கூட்டிய ஒன்று காணாமலே போய்விடும். இதைக் கண்டுபிடித்து, அவருடைய கணக்கை என் கணினியில் ஓட்டிப் பார்த்து, 64 பிட்டுக்கு மாற்றச் சொல்லி, வேறொருவர் இதிலேயே மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சோதனை நிரலையும் விளக்கக் குறிப்பையும் சேர்த்த பிறகுதான் அந்தப் புகாரை மூட முடிந்தது. நூலகத்தில் புதிதாக எதுவும் சேரவில்லை. ஆனால் ஓர் ஆய்வேட்டின் எண்கள் நம்பத் தகுந்தவையாக ஆயின. இதை அறிவியல் இல்லை என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

நாங்கள் சும்மா இருந்தாலும் அடித்தளம் சும்மா இருப்பதில்லை. நம்பையில் பலரும் பழக்கத்தில் எழுதி வந்த சில தரவு வகைப் பெயர்கள் 2021இல் வெளிவந்த 1.20 பதிப்பிலிருந்து எச்சரிக்கை தந்தன. 2022 டிசம்பரில் 1.24 பதிப்பில் அவை நீக்கப்பட்டன. எச்சரிக்கையைப் படிக்காதவர்களின் நிரல்கள் ஒரே நாளில் நின்றன. 2023இல் பைத்தான் 3.12 வந்தபோது, நூலகங்களைக் கட்டுவதற்கு, அதாவது நிறுவத்தக்க தொகுப்புகளாக ஆக்குவதற்கு, நீண்ட காலமாக உடன் வந்த டிஸ்ட்யுட்டில்ஸ் கருவி அதில் இல்லை. 2024 ஜூன் மாதம் நம்பை 2.0 வந்தது. 2006இல் வந்த 1.0க்குப் பிறகு வந்த முதல் பெரும் பதிப்பு அது. அதன் இரும இடைமுகம், அதாவது தொகுக்கப்பட்ட பிற நிரல்கள் அதனோடு இணையும் முறை, மாறியதால், அதைச் சார்ந்து சி மொழியில் தொகுக்கப்பட்ட நூலகங்களையெல்லாம் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. அந்த மாற்றங்கள் தேவையானவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அவற்றைத் தாங்கிக்கொண்டு, பயனர் எதையும் உணராதபடி பார்த்துக்கொண்டவர்களின் தன்விவரக் குறிப்பில் அந்த மாதங்கள் வெற்றிடமாகத்தான் தெரியும்.

நம்பையின் கதையே இதற்குப் போதுமான சான்று. டிராவிஸ் ஆலிஃபன்ட் 2005இல், பிரிந்து கிடந்த நியூமெரிக், நம்அரே என்ற இரண்டு நூலகங்களை ஒன்றிணைத்து அதை உருவாக்கினார். அதன் மேம்பாட்டுக்கென்று முதல் நிதி கிடைத்ததோ 2017இல்தான். 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படத்தை உருவாக்கிய கணக்குகளில் நம்பையும், வரைபடங்கள் வரையும் மேட்பிளாட்லிப் (Matplotlib) நூலகமும் இருந்தன. அந்த மேட்பிளாட்லிப்பைத் தொடங்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளைப் படமாகப் பார்ப்பதற்கு ஒரு கருவி வேண்டும் என்று அதை எழுதினார். 2012இல் அவர் காலமானார். அந்த நூலகம் நின்றுபோகாமல் இருந்ததற்குக் காரணம், அவருடன் சேர்ந்து அதைப் படித்துப் புரிந்து வைத்திருந்த மற்றவர்கள். அப்படி இரண்டாவது ஆள் இல்லாத நூலகங்கள் எத்தனையோ இருக்கின்றன. என் கவலையெல்லாம் அவற்றைப் பற்றித்தான்.

தனியாகப் பராமரிப்பவரின் சோர்வு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2024 மார்ச் மாதம் எல்லோரும் பார்த்தோம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் (XZ) என்ற மென்பொருளை ஒருவரே பல ஆண்டுகள் ஊதியமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவ வந்தவர்போல் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகி, நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் அதற்குள், பிறர் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய உதவும் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆன்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது புதிதாக இருக்காது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, அவை துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் சேர்த்து இழந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, அப்போது மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களிடமிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. எதை நம்பி வாழ்கிறோமோ அதைத் தாங்கும் பொறுப்பையும் பகிர்ந்துகொள்வது என்ற அந்த ஏற்பாட்டைத்தான் நான் நூலகங்களுக்கும் கேட்கிறேன். இந்த நூலகங்களைக் கொண்டு விளைச்சலையும் வெள்ளத்தையும் சந்தையையும் கணக்கிட்டு வருமானம் ஈட்டும் நிறுவனங்கள், தங்கள் ஊழியர்கள் வேலை நேரத்திலேயே அவற்றின் பிழைகளைத் திருத்த அனுமதிக்கட்டும். பல்கலைக்கழகங்கள், ஒரு நூலகத்தைப் பராமரித்த ஆண்டுகளையும் ஆய்வுக் கட்டுரைக்கு இணையாகக் கணக்கில் எடுக்கட்டும். மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டில் எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினோம் என்று எழுதட்டும். அந்த ஒரு வரிதான் நிதி கேட்கும்போது எங்களுக்குக் கைகொடுக்கும் ஆதாரம். ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும் பேராசிரியர்கள், கருவிகளுக்கும் பயணத்துக்கும் ஒதுக்குவதுபோல் இதற்கும் ஒரு தொகை ஒதுக்கட்டும். அது பெரிய தொகையாக இருக்க வேண்டியதுகூட இல்லை.

கம்பாரிலும் பினாங்கிலும் படிக்கும் நம் பிள்ளைகள் பருவ விடுமுறைக்கு ஊருக்கு வருவார்கள். அவர்களோடு சில சனிக்கிழமைகள் உட்கார விரும்புகிறேன். முதல் வேலையாக, மேலே சொன்ன தொடர்கூட்டல் பற்றிய விளக்கப் பக்கத்துக்கு, பள்ளி மாணவருக்கும் புரிகிற ஓர் எடுத்துக்காட்டை எழுதிச் சேர்ப்போம். அடுத்ததாக, யாரும் இன்னும் சரிபார்க்காமல் கிடக்கும் பழைய புகார்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்போம். பைத்தானில் பட்டியலும் சார்பும் எழுதத் தெரிந்தால் போதும். வர விரும்புகிறவர்கள் எனக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு வரி எழுதுங்கள். மடிக்கணினி இல்லாதவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் நான் ஏற்பாடு செய்து வைக்கிறேன்.